மறதி நோய் வந்த பெரியவருடன் பகலைக் கழிப்பது எப்படி? சில வழிகளின் ஒப்பீடு

டிமென்ஷியா என்று உறுதியான அன்று குடும்பத்தின் கையில் கிடைப்பது ஒரு மருந்துச் சீட்டு. டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் அறிகுறிகளைச் சில காலம் கொஞ்சம் மட்டுப்படுத்தும், நோயை நிறுத்தாது. மாத்திரை போட ஒரு நிமிடம் போதும். காலைக் காபியிலிருந்து இரவுப் படுக்கை வரை மீதமிருக்கும் நேரத்தை என்ன செய்வது என்பதை அந்தச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும்போது என்ன செய்வது? இறந்துபோன கணவர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்க்கும்போது? சொந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அழும்போது?

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்: மனைவி, மகள், மருமகள். அந்த வீடுகளை நினைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கும் பயன்படலாம், ஆனால் என் கவலை வீட்டைப் பற்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் நடுக்கட்டத்தில் இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றால், முதலில் அவர் கைக்கு வேலை கொடுக்கும் வழியை எடுங்கள். அவர் சொல்லும் சொற்களின் சரி தப்பைப் பார்க்காமல் அவற்றின் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்லும் வழி அடுத்தது. மற்றவை இவற்றுக்குப் பின்னால்தான். உண்மையைச் சொல்வதா, பொய் சொல்லிச் சமாளிப்பதா என்று குடும்பங்கள் மாய்ந்து மாய்ந்து விவாதிக்கின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருந்தது?

வழிகளைப் பார்க்கும் முன், அவற்றை எதை வைத்து அளப்பது என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டாம் கிட்வுட் 1980களின் கடைசியிலிருந்து 1998இல் இறக்கும் வரை ஒரே விஷயத்தை வலியுறுத்தினார். மறதி நோய் ஒருவரிடம் எப்படித் தெரிகிறது என்பதை மூளைச் சேதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவருடைய சுபாவம், வாழ்ந்த வாழ்க்கை, உடல்நலம், சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆறுதல், பற்று, கூட்டத்தில் ஓர் இடம், செய்ய ஒரு வேலை, தான் யார் என்ற உணர்வு ஆகிய ஐந்தும் கடைசி வரை தேவை, இவற்றின் நடுவே இருப்பது அன்பு என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலே நாம் செய்யும் பதினேழு தீங்குகளையும் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் நம் வீடுகளைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் அங்கே இல்லாததுபோல டாக்டரிடம் அவரைப் பற்றிப் பேசுவது. சட்டை மாட்டுவதற்குள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று துரத்துவது. "வயசானா குழந்தை மாதிரிதானே" என்று சொல்லிக் குழந்தையிடம் பேசுவதுபோலவே பேசுவது. இந்தக் கடைசிப் பேச்சை நாம் பாசம் என்று நினைத்துச் சொல்கிறோம். நாலு பிள்ளைகளை வளர்த்து, கடன் அடைத்து, கல்யாணங்கள் நடத்திய ஒரு பெண் குழந்தை அல்ல. அவருக்கு உதவி வேண்டும், அவ்வளவுதான்.

கிட்வுட் சொன்னது நல்ல மனசு பேசும் பேச்சு மட்டும்தானா? இல்லை. சிட்னியில் 15 முதியோர் இல்லங்களில் 289 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஊழியர்களுக்கு இந்த அணுகுமுறையில் பயிற்சி கொடுத்த இல்லங்களில் முதியவர்களின் பதற்றமும் அலைக்கழிப்பும் குறைந்தன. இங்கிலாந்தில் 69 இல்லங்களில் 847 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் வாழ்க்கைத் தரம் கூடியது, பதற்றம் குறைந்தது. இந்த இரண்டாவது ஆய்வில் பயிற்சியோடு சேர்த்து, வாரத்துக்கு ஒரு மணி நேர அளவில் அவரவருக்குப் பிடித்த பேச்சும் செயலும் திட்டமிட்டுக் கொடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வழிகள்.

உண்மையைச் சொல்லித் திருத்துவதுதான் நமக்குத் தானாக வரும் வழி. இதை முறைப்படுத்தியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜேம்ஸ் ஃபோல்சம்; 1958இல் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் தொடங்கினார். இன்று என்ன நாள், என்ன வேளை, எந்த இடம் என்று பலகையில் எழுதி வைத்து, பேச்சிலும் அடிக்கடி நினைவூட்டுவார்கள். யாருமே எதிர்பார்ப்பு வைக்காத முதியவர்களிடம் ஊழியர்கள் நின்று பேசத் தொடங்கியது அந்தக் காலத்துக்குப் பெரிய மாற்றம். ஆரம்பக் கட்டத்தில் இது இன்றும் பயன்படும். பெரிய எண் கடிகாரம், குளியலறைக் கதவில் படம், காலையில் அவரே தாள் கிழிக்கும் தினசரி காலண்டர், இதெல்லாம் செலவில்லாத உதவி.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கொடுமையாகிவிடும். "அப்பா செத்துப் பத்து வருஷம் ஆச்சும்மா" என்று சொன்னால், அந்தச் செய்தி நினைவில் தங்காத அவருக்கு அது இன்றுதான் வந்த சாவுச் செய்தி. அழுவார். ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். செய்தி போய்விடும், அது உண்டாக்கிய கலக்கம் மட்டும் உடம்பில் நிற்கும். திருத்தியதால் அவருக்குக் கிடைத்தது எதுவும் இல்லை.

அதற்கு நேரெதிர், பொய். "அப்பா ஆபீஸ் போயிருக்கார், வந்துடுவார்." உடனே அமைதி கிடைக்கும். இதைச் செய்யாத பராமரிப்பாளர் அபூர்வம். நியூகாஸிலில் உளவியலாளர் இயன் ஜேம்ஸும் அவர் குழுவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு ஊழியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பொய் சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். கிட்வுட்டின் தீங்குப் பட்டியலிலோ ஏமாற்றுவதும் ஒன்று. நான் இதைப் பாவமாகப் பார்க்கவில்லை. நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு போகப் பார்ப்பவரை நிறுத்த எது கைகொடுத்தாலும் சொல்லலாம். ஆனால் அன்றாட வழியாக இது நிற்காது. மகள் ஆபீஸ் என்பார், பேரன் ஊருக்குப் போயிருக்கார் என்பான், வேலைக்கு வரும் அக்கா வேறொன்று சொல்வார். முகத்தையும் குரலையும் படிக்கும் திறமை இந்த நோயில் பலருக்கு வெகுநாள் நிற்கிறது. என்னவோ மறைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே "என் நகையை எடுத்துட்டாங்க" என்று சந்தேகப்படுகிறவரிடம் அது இன்னும் ஆபத்து.

இரண்டுக்கும் நடுவே போகிறது நயோமி ஃபைல் உருவாக்கிய வழி. கிளீவ்லாண்டில் தந்தை நிர்வகித்த முதியோர் இல்லத்திலேயே வளர்ந்து சமூகப் பணியாளரானவர் அவர். திருத்திப் பார்த்துப் பலன் இல்லாமல், 1960களிலிருந்து வேறு வழியைத் தேடினார். சொல்வது சரியா தப்பா என்று பார்க்காதே, சொல்லவைக்கும் உணர்ச்சி உண்மை, அதற்குப் பதில் சொல் என்பது அதன் சாரம். எதிரே கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். யார், என்ன, எங்கே, எப்படி என்று கேட்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது, காரணம் சொல்வதுதான் அவருக்கு முடியாத காரியம். "அப்பாவைத் தேடுதாம்மா? வந்ததும் முதல்ல என்ன கேட்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். "காபிதான், சூடா இல்லன்னா கோபம் வரும்" என்பதில் ஆரம்பித்து அவர் பேசிக்கொண்டே போகலாம். பொய்யும் சொல்லவில்லை, சாவையும் நினைவூட்டவில்லை.

இதற்கான ஆதாரம் வலுவாக இல்லை. இருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2003 காக்ரேன் அறிக்கை, பலன் உண்டு இல்லை என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. பழைய வாழ்க்கையில் தீராத கணக்குகளை முதியவர்கள் இப்போது தீர்த்துக்கொள்கிறார்கள் என்ற ஃபைலின் விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் மூளைத் திசுவைத் தின்னும் நோய். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் வாயிலிருந்து வர வேண்டிய பதில் எது என்று கேட்டால், இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பார், மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். அடுப்பில் குக்கரும் போனில் மேனேஜரும் இருக்கும் மருமகளுக்கு ஒரு மாலையில் எத்தனை தடவை அது முடியும்?

பழைய நினைவுகளைப் பேசவைக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963இல், முதியவர்கள் பழசைப் பேசுவது வெறும் பிதற்றல் அல்ல என்று எழுதியதிலிருந்து இது வளர்ந்தது. கல்யாண ஆல்பம், ரேடியோப் பாட்டு என்று இயல்பாக நடந்தால் இனிமைதான். நோயுள்ளவரையும் பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து உட்காரவைத்துக் குழுவாக நடத்திய பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் (2012) எதிர்பார்த்த பலன் வரவில்லை. பார்த்துக்கொள்பவர்களின் பதற்றம்தான் கொஞ்சம் கூடியது. இதற்கென்று தனியாக அலைய வேண்டாம். ஆல்பத்தை எடுத்தால் "இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சையாக்காதீர்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்னைத் தெரியுதா?" என்றுதான். தெரியாத அவமானத்தில் பெரியவர் சிரித்து மழுப்புவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். "அத்தை, நான் உங்க தம்பி பொண்ணு வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தால் போதும்.

நல்ல ஆதாரம் உள்ள ஒன்று, அறிவைத் தூண்டும் குழுப் பயிற்சி. லண்டனில் எய்மி ஸ்பெக்டரும் குழுவும் 201 பேரிடம் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஏழு வாரம், மொத்தம் 14. உணவு, பணம், ஒலிகள், இளமைப் பருவம், இன்றைய செய்தி என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். விடையைக் கேட்பதில்லை, கருத்தைக் கேட்பார்கள். "முதலமைச்சர் யார்?" என்று கேட்டால் தெரியவில்லையே என்று கூசிப்போவார், "அந்தக் காலத்து விலைவாசி, இந்தக் காலத்து விலைவாசி, என்ன நினைக்கிறீங்க?" என்றால் யாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஞாபக சக்தி உள்ளிட்ட அறிவுத்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிந்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் ஆரம்பக் கட்ட, நடுக்கட்ட நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இதைத் தமிழ் பேசுவோருக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறது. நோய் ஆரம்பத்தில் இருக்கிறது, போய்வரும் தூரத்தில் குழு இருக்கிறது, கூட்டிப்போக ஆள் இருக்கிறது என்றால் தயங்காமல் சேருங்கள்.

வீட்டில் நாமே செய்துகொள்ளலாமா? அதையும் சோதித்திருக்கிறார்கள். நோயுள்ளவரும் பார்த்துக்கொள்பவருமாக 356 ஜோடிகள், வாரம் மூன்று முறை, அரை அரை மணி நேரம், 25 வாரம். 2017இல் வந்த முடிவில் அறிவுத்திறன் முன்னேறவில்லை. ஆனால் நோயுள்ளவர் பார்வையில் இருவருக்கும் இடையிலான உறவு மேம்பட்டிருந்தது. பார்த்துக்கொள்பவர்களின் வாழ்க்கைத் தரமும் கூடியது. சேர்ந்து ஒரு காரியம் செய்ததே அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் அடுத்த வழிக்கு என் முதல் வாக்கு.

மரியா மாண்டிசோரியை நாம் குழந்தைகள் பள்ளியோடு சேர்த்து அறிவோம். அவருடைய முறையை 1990களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேமரன் கேம்ப் என்ற உளவியலாளர் மறதி நோய்க்குக் கொண்டுவந்தார். பெரியவர்களைக் குழந்தைகளாக்கும் முயற்சி அல்ல இது. நேற்று நடந்ததைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி அல்சைமரில் முதலில் பழுதாகிறது. கை பழகிய செயல்களைத் தாங்கும் பகுதிகள், அடித்தள நரம்பணுத் திரள்களும் சிறுமூளையும், வெகுநாள் தாக்குப்பிடிக்கின்றன. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாத பாட்டி, மல்லியைக் கொடுத்தால் விரல் தடுமாறாமல் தொடுப்பது இதனால்தான். போன திறமையைத் துரத்தாமல், இருக்கும் திறமையை வைத்து அன்றைய பகலைக் கட்டுவதுதான் இந்த வழி.

பிலடெல்ஃபியாவில் லாரா கிட்லின் இதே திசையில் வேறொரு திட்டத்தை வடிவமைத்தார். அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் தொழில்வழி சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து, நோயுள்ளவருக்கு எது முடியும், எது பிடிக்கும் என்று பார்த்து, அதற்கேற்பச் செயல்களை அமைத்துக் கொடுப்பார். 60 குடும்பங்களில் செய்து 2008இல் வெளியானது. குறைந்தவை எவை தெரியுமா? பின்னாலேயே நடந்து வருவது, கேட்டதையே கேட்பது. பார்த்துக்கொள்பவர் கண்கொத்திப் பாம்பாக நிற்க வேண்டிய நேரமும் குறைந்தது. திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தவிக்கும் குடும்பத்துக்கு, கேள்வியே குறையும் வழி இது.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மெல்போர்னிலிருந்து ஒரு செய்தி உண்டு. ஒன்பது முதியோர் இல்லங்களில் 44 பேரிடம் மாண்டிசோரிச் செயல்களைத் தனித்தனியாகச் செய்யவைத்து 2013இல் வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்தது உண்மை. ஆனால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதும் அதே அளவு குறைந்தது. மகிழ்ச்சியும் ஈடுபாடும் செயலில்தான் அதிகம். ஆங்கிலம் சரளமாக இல்லாதவர்களிடம், அதாவது புலம்பெயர்ந்தவர்களிடமும் பேச்சு குறைந்துபோனவர்களிடமும், பதற்றமும் செயலின்போதே கூடுதலாகக் குறைந்தது. டொரன்டோவிலோ லண்டனிலோ ஓர் இல்லத்தில், மொழி புரியாத ஊழியர் நடுவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பேச்சை நம்பிய எந்த வழியும் பாதிதான் உதவும். கையில் ஒரு வேலை இருந்தால் அதற்கு மொழி வேண்டாம்.

நம் வீடுகளில் இதற்குத் தனியாகச் சாமான் வாங்கத் தேவையில்லை. முருங்கைக்கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, பீன்ஸுக்கு நார் எடுத்துக் கையால் ஒடிப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, துவைத்த துணியை மடிப்பது, விளக்குத் திரி திரிப்பது, தேங்காய் நார் பிரிப்பது. கடை வைத்திருந்தவருக்குச் சில்லறையை வகை பிரித்து அடுக்குவது, பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பேப்பரைச் சத்தமாக வாசிப்பது, தையல்காரருக்குப் பொத்தான் பிரிப்பது. செய்யச் சொல்லி விளக்க வேண்டாம். எதிரே உட்கார்ந்து முதல் காம்பை நீங்கள் உருவுங்கள், பேசாமல், மெதுவாக. அடுத்ததை அவர் எடுப்பார். ஒரு நேரத்தில் ஒரே படிதான். தட்டின் நிறமும் பொருளின் நிறமும் வேறாக இருக்கட்டும். எவர்சில்வர் தட்டில் வெள்ளை உளுந்து கண்ணுக்குத் தப்பும், கறுப்பு உளுந்து தெரியும். அவர் ஆய்ந்த கீரையை அவர் முன்னாலேயே திருப்பி ஆயாதீர்கள். அன்றைய சமையலில் அதைப் போடுங்கள், சாப்பிடும்போது யார் ஆய்ந்தது என்று சொல்லுங்கள். வேலை நிஜமாக இருக்க வேண்டும். கலந்து வைத்த பருப்பை மறுபடி மறுபடி பிரிக்கக் கொடுப்பது அவருக்கே புரிந்துவிடும். நேரம் மாலை நாலரை மணி வாக்கில் வையுங்கள், பலருக்கு அந்திவேளையில் ஏறும் தவிப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால். கத்தி, அடுப்பு வேண்டாம். எதையும் வாயில் போடும் கட்டம் வந்துவிட்டால் பயறு, பொத்தான் போன்ற சின்னப் பொருள்களும் வேண்டாம்.

இங்கே இதற்குப் பெரிய தடை நோய் அல்ல, ஊர்ப் பேச்சு. "வயசான காலத்துல மாமியார்கிட்ட வேலை வாங்குறா" என்று ஒரு சொந்தக்காரர் சொல்லிவிட்டால் மருமகள் அடுத்த நாள் முறத்தைத் தூக்கி வைத்துவிடுவார். பெரியவரைச் சும்மா உட்காரவைப்பதுதான் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அன்போடு சொல்லிச் சொல்லியே அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். முடிகிற வேலையைப் பறிப்பது கிட்வுட்டின் பட்டியலில் உள்ள தீங்கு. ஆயுசு முழுக்கப் பத்துப் பேருக்குச் சமைத்தவரின் "வீட்டுக்குப் போகணும்" என்ற சொல்லில், தனக்கு ஒரு வேலை இருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற தவிப்பும் இருக்கலாம். மகனோ மகளோ அந்தச் சொந்தக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுவது மருமகளுக்குச் செய்யும் பெரிய உதவி.

இந்த வழிக்கும் குறை உண்டு. கூட உட்கார ஆள் வேண்டும். வேலையை எடுத்து வைத்துத் தொடங்கிவைக்க வேண்டும். படுக்கையோடு இருக்கும் கடைசிக் கட்டத்தில் இது செல்லாது; அப்போது தலையில் எண்ணெய் தடவுவது, கையைப் பிடித்துக்கொள்வது, தெரிந்த பாட்டு, பிடித்த வாசனை, இவைதான்.

எல்லா வழிக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று கத்தினாலோ, குழம்பிப்போனாலோ, எப்போதும் தூங்கினாலோ, அணுகுமுறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, புது மாத்திரை எதுவும் காரணமாகலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். அமைதிப்படுத்த ஆன்டிசைக்காட்டிக் (மனநோய்க்கான) மாத்திரை எழுதினால் எதற்கு, எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் தேவைப்படலாம். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறார் என்பதற்காக அல்ல.

பகலுக்கு அட்டெண்டர் வைக்கிறவர்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், டீச்சரம்மா என்றா, பெரியம்மா என்றா. என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், யார் பெயரைச் சொன்னால் முகம் மலரும், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. காபியா டீயா, சர்க்கரை எவ்வளவு. குளிக்கக் கூப்பிட்டால் எந்த நேரத்தில் வருவார். இறந்த கணவரைத் தேடினால் வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒரே பதில் என்ன. மாலை நாலரைக்கு எந்தத் தட்டை எடுத்து முன்னால் வைக்க வேண்டும், முதல் காம்பை யார் உருவ வேண்டும். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள், ஏனென்றால் இன்று முடிகிற வேலை அப்போது முடியாமல் போயிருக்கலாம், அதற்கு அடுத்த எளிய வேலையைத் தேட வேண்டியிருக்கும்.